கண்ணாடியைச் சுமந்த மரம்

பழைய நிலைக்கண்ணாடி ஒன்றிற் கரும்புள்ளிகள் படர்ந்து முகம் மங்கலாகத் தெரியத் தொடங்கினால், 'கண்ணாடியின் இரசம் போய்விட்டது' என்று வீட்டிலுள்ளோர் கூறுவர். இரசம் என்பது பாதரசம். இன்று விற்பனையாகும் கண்ணாடிகளிற் பாதரசம் இல்லை. அது அவற்றை விட்டு நீங்கி நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. ஆயினும் சொல் மட்டும் மக்கள் நாவில் நிலைத்து நிற்கின்றது. ஒரு தொழில் மறைந்த பின்னரும் அத்தொழிலின் பெயர் வீட்டுப் பேச்சில் வாழ்ந்துகொண்டிருப்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

கண்ணாடியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கண்ணாடியையே கூறுவர். அதைச் சுற்றி நின்று தாங்கிய மரச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இதில் வியப்பில்லை. கண்ணாடியின் முன் நிற்பவர் தம் முகத்தையே காண்கின்றார்; சட்டத்தின் மேல் அவர் கண் படிவது அரிது. ஆனால் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சுவரில் நூறாண்டு காலம் விழாது நிற்கின்றதென்றால், அதன் பெருமையிற் பாதி அந்தச் சட்டத்தைச் செய்த தச்சனுக்கே உரியது. கண்ணாடி வளர வளர அதன் பாரம் வளர்ந்தது. பாரம் வளர வளர மரவேலையும் புதிய வழிகளைத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலின் வரலாறே இங்குக் கூறப்படுவது.

ஆதியில் இந்தச் சிக்கல் எழவில்லை. துருக்கி நாட்டிலுள்ள சாத்தால் ஊயூக் என்னும் தொல்லூரில், ஏறக்குறைய 8000 ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் கருங்கண்ணாடிக் கல்லைத் தீட்டி மக்கள் முகம் பார்த்தனர். எகிப்திலும் சிந்துவெளியிலும் சீனத்திலும் செம்பையும் வெண்கலத்தையும் பளபளக்கத் தேய்த்து ஆடி செய்தனர். கேரளத்தின் ஆறன்முளையிற் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படும் உலோகக் கண்ணாடி இன்றும் கைவேலையாகச் செய்யப்படுகின்றது. இவையெல்லாம் கையில் ஏந்தத் தக்கவை. ஒரு பிடியோ, பின்புறத்தில் ஒரு குமிழோ இருந்தாற் போதும். உலோகம் தன்னைத் தானே தாங்கும். எனவே சட்டத்தின் தேவை அங்கே பிறக்கவில்லை.

தேவை பிறந்தது வெனிசு நகரத்தின் கண்ணாடித் தொழிலோடு. 1291ஆம் ஆண்டில், தீ விபத்துக்கு அஞ்சிய வெனிசு அரசு, கண்ணாடி உலைகளை நகரத்தினின்றும் நீக்கி மூரானோத் தீவுக்கு அனுப்பியது. அத்தீவிலே நிறமற்ற தெளிந்த கண்ணாடி செய்யும் கலை வளர்ந்தது. 1507இல் தால் காலோ என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர், பளிங்கு போன்ற கண்ணாடியால் முகம் பார்க்கும் ஆடி செய்யும் மறைபொருளைத் தாம் அறிந்திருப்பதாகக் கூறி, அத்தொழிலுக்குத் தனியுரிமை வேண்டி அரசின் பதின்மர் அவைக்கு விண்ணப்பித்தனர். 1569இல் ஆடி செய்வோர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைக்கும் அளவுக்கு அத்தொழில் பெருகியது.

அவர்கள் கையாண்ட முறை பின்வருமாறு. சமதளமான கல்மேசையின் மீது மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரிப்பர். அதன்மேற் பாதரசத்தை ஊற்றிப் பரப்புவர். நன்கு துடைத்துத் தூய்மை செய்த கண்ணாடித் தகட்டை, இடையிற் காற்றுக் குமிழி புகாத வண்ணம், அந்தப் பாதரசத்தின்மேல் மெல்லச் சறுக்கி விடுவர். பின்னர்ப் பாரமேற்றி, மேசையைச் சற்றே சாய்த்து, மிஞ்சிய பாதரசம் வடியும்படி பல நாட்கள் விட்டுவைப்பர். வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சு கண்ணாடியின் பின்புறத்திற் பற்றிக்கொள்ளும்.

இவ்வாறு பற்றிய பூச்சு மிக மென்மையானது. விரல் நகம் பட்டாலும் கீறும். ஈரம் பட்டாற் கெடும். முற்பக்கமோ எளிதில் உடையும் கண்ணாடி. முன்னும் பின்னும் காவல் வேண்டிய பொருள் அது. எனவே மரச் சட்டம் முதலில் அழகுக்காக வந்ததன்று, காவலுக்காகவே வந்தது. சட்டத்தின் உட்புற விளிம்பிற் படிபோல ஒரு பள்ளம் வெட்டி, அதிற் கண்ணாடியை இருத்தி, பின்னால் மெல்லிய பலகையால் மூடுதல் வேண்டும் என்ற முறை அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

அந்நாளில் ஆடியின் மதிப்பு எத்தகையது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் நிதியமைச்சராயிருந்த கோல்பேர் 1683இல் இறந்தபோது அவருடைய உடைமைகள் பட்டியலிடப்பட்டன. வெள்ளிச் சட்டம் பூண்ட வெனிசுக் கண்ணாடி ஒன்று 8016 லிவர் என மதிப்பிடப்பட்டது. அதே பட்டியலில், ஓவியர் ராபேலின் பெயரில் இருந்த ஓவியம் ஒன்றின் மதிப்பு 3000 லிவரே. தெளிந்த கண்ணாடிக்கு உலகம் அத்துணை விலை கொடுத்தது.

விலை அவ்வாறிருக்க, பிரான்சு வெனிசைச் சார்ந்திருக்க விரும்பவில்லை. கோல்பேர் 1665இல் அரச கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவி, மூரானோத் தொழிலாளர் சிலரை மறைவாக அழைத்து வந்தார். தொழில் இரகசியம் வெளியேறுவதை வெனிசு அரசு இராசத் துரோகமாகக் கருதியது. அழைத்து வரப்பட்டோருட் சிலர் பாரிசில் திடீரென இறந்தபோது, நஞ்சிடப்பட்டனரோ என்ற ஐயமும் எழுந்தது. 1667இல் ஏனையோர் பலர் ஊர் திரும்பினர். ஆயினும் பிரான்சுக்காரர் தொழிலைக் கற்றுக்கொண்டனர். 1678இல் தொடங்கி 1684இல் முடிந்த வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபமே அதற்குச் சான்று. 73 மீற்றர் நீளமுள்ள அம்மண்டபத்தின் 17 வளைவுகளில், வளைவுக்கு 21 ஆக 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன.

வளைவொன்றை மூட ஒரே கண்ணாடி போதாதா? ஏன் 21 துண்டுகள்? விடை எளிது: அக்காலத்தில் அதைவிடப் பெரிய கண்ணாடியைச் செய்யும் ஆற்றல் இல்லை. ஊதுகுழலின் நுனியிற் கண்ணாடிக் குழம்பை ஊதி நீள்உருளையாக்கி, அதைப் பிளந்து விரித்துத் தட்டையாக்கினர். ஊதுபவனின் மூச்சும் தோள்வலியும் எவ்வளவோ அவ்வளவே கண்ணாடியின் அளவு. மனித மூச்சு அளந்து கொடுத்த கண்ணாடியைத் தாங்குவது மரத்துக்குப் பெரிய காரியமன்று.

இக்காலத்துச் சட்டங்களின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் தம் வீடுகளிற் கண்ணாடிகளுக்கும் ஓவியங்களுக்கும் கருநிறச் சட்டங்களைப் பெரிதும் விரும்பினர். அதற்கு உகந்த மரம் கருங்காலி. 1602இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் மொரிசியசிலிருந்தும், பின்னர் இலங்கையிலிருந்தும் அம்மரத்தை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. 1640இற் காலியையும், 1656இற் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றிய பின், வறண்ட வலயக் காடுகளின் கருங்காலி அவர்கள் வாணிகப் பொருள்களுள் ஒன்றாயிற்று. பிரெஞ்சு மொழியிற் சிறந்த தளவாடத் தச்சனைக் குறிக்கும் சொல்லே கருங்காலியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை எண்ணினால், அம்மரம் அங்கே பெற்ற மதிப்புப் புலனாகும்.

கருங்காலி இரும்பை ஒத்த மரம், நீரிலிட்டால் தாழும். விலையோ மிக அதிகம். ஆகையால் முழுச் சட்டத்தையும் அதனாற் செய்வது அரிதாயிருந்தது. ஓக்கு மரத்தாலோ பைன் மரத்தாலோ உள்ளுடலைச் செய்து, அதன்மேற் கருங்காலியை மெல்லிய சீவலாக அறுத்து ஒட்டினர். சட்டத்தின் மேல் நீர் அலைபோன்ற நுண்வரிகளைச் சீவுவதற்கெனத் தனிப்பொறி ஒன்றும் ஜேர்மனியில் உருவாயிற்று. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவ்வலைவரிகள் மின்னி மறையும். கண்ணுக்குத் தெரிவது கருங்காலி. பாரம் சுமப்பது உள்ளே மறைந்திருக்கும் எளிய மரம். இவ்விரட்டைத் தன்மை பின்வந்த எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவாயிற்று.

பெரிய மாற்றம் அந்நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. 1680களின் பிற்பகுதியில், ஊதுவதை விட்டு, உருகிய கண்ணாடியை உலோக மேசையின் மேல் ஊற்றி உருளையால் உருட்டித் தகடாக்கும் முறையைப் பிரான்சுத் தொழிலாளர் கண்டனர். 1690களின் தொடக்கத்தில் வடபிரான்சின் சென் கோபேன் என்னும் ஊர் அத்தொழிலின் தலைமையிடமாயிற்று. இனிக் கண்ணாடியின் அளவை மூச்சு தீர்மானிக்கவில்லை. மேசையின் பரப்பே தீர்மானித்தது. வார்த்த தகட்டின் இரு முகங்களையும் மணலும் நீரும் இட்டுப் பல நாள் தேய்த்து மெருகேற்றினர். ஆள் உயரத்தையும் மிஞ்சிய கண்ணாடிகள் பிறந்தன. அவற்றோடு பாரம் என்ற கேள்வியும் பிறந்தது.

அப்பாரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டறியலாம். கண்ணாடி நீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஒரு மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமும் ஆறு மில்லிமீற்றர் தடிப்பும் உடைய தகடு 30 கிலோகிராம், அதாவது 66 இறாத்தல், நிறுக்கும். தடிப்புப் பத்து மில்லிமீற்றராயின் நிறை 50 கிலோகிராமாகும். இதன்மேற் பின்பலகையின் நிறையும் சட்டத்தின் நிறையும் சேரும். இத்தனையும் ஒரு மனிதனின் தலைக்கு மேலே, சுவரிலே, ஆண்டுக்கணக்கில் நிற்றல் வேண்டும்.

சட்டம் என்பது நான்கு மரங்கள்: பக்கங்களில் இரண்டு நெடுமரங்கள், மேலும் கீழும் இரண்டு குறுக்குமரங்கள். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியின் முழுப் பாரமும் கீழ்க்குறுக்கு மரத்தின் மேலேயே அமர்கின்றது. அம்மரம் அப்பாரத்தைத் தன் இரு முனைகளிலுமுள்ள மூட்டுகளின் வழியே பக்க மரங்களுக்குக் கொடுக்கின்றது. ஆகவே பெருங்கண்ணாடியின் உயிர் அந்த இரு கீழ்மூட்டுகளிலே தங்கியிருக்கின்றது. அவை விலகினால் எல்லாம் விலகும்.

கண்ணுக்கு அழகான மூட்டு, இரு மரங்களையும் 45 பாகை சரிவாக அறுத்து மூலையிற் சேர்ப்பதாகும். ஆனால் அது வலிமையற்றது. மரத்தின் வெட்டுமுகம் வைக்கோற் கட்டின் நுனி போன்றது; பசையை உறிஞ்சிவிடும், பிடித்து வைக்காது. மேலும் மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலத்தில் விரிந்து சுருங்கும், நீளத்தில் மாறுவதில்லை. பத்துச் சென்றிமீற்றர் அகலமான மரம் பருவ மாற்றத்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் கூடிக் குறைதல் இயல்பு. மரம் சுருங்கும்போது சரிவு மூட்டின் உட்கோணம் வாய் திறக்கும். விரியும்போது வெளிக்கோணம் திறக்கும். ஆண்டுதோறும் இவ்வாறு திறந்து மூடும் மூட்டில் 66 இறாத்தலைத் தொங்கவிடுவது அறிவுடைமையன்று.

இதற்குத் தச்சர் கண்ட விடை, தொன்றுதொட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் பயன்பட்ட பொளி கழுந்து மூட்டே. குறுக்கு மரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, பக்க மரத்திற் குடைந்த துளையினுட் செருகி, ஆப்பாலோ முளையாலோ இறுக்குவர். பாரம் இப்போது பசையின் மேல் இல்லை. மரம் மரத்தின் மேல் அமர்கின்றது. முற்பக்கத்தில் 45 பாகைச் சரிவின் அழகும் வேண்டுமெனின், பின்னே வலிய மூட்டுடைய அடிச்சட்டத்தை முதலிற் செய்து, அதன் முகத்தில் அலங்காரப் பட்டங்களைச் சரிவாக அறுத்து ஒட்டுவர். மூலையின் குறுக்கே வெட்டிய பிளவில் மெல்லிய மரத்தகடு ஒன்றைச் செருகி இறுக்குவதும் உண்டு.

கண்ணாடியை இருத்துவதிலும் நுட்பங்கள் பல. பள்ளத்தைக் கண்ணாடியின் அளவுக்கு மிகச் சரியாக வெட்டினால், மரம் சுருங்கும்போது கண்ணாடி நெரிந்து வெடிக்கும். எனவே சுற்றிலும் சிறிது இடம் விட்டு, சிறு மரக்கட்டைகளை இடையிடையே ஒட்டிக் கண்ணாடியை நிலைப்படுத்தினர். பள்ளத்தின் உட்புறத்துக்குக் கருமை பூசினர். பூசாவிடின், வெறும் மரத்தின் வெண்மை கண்ணாடியின் ஓரத்திற் பிரதிபலித்து, பார்ப்பவர் கண்ணை உறுத்தும். பின்பலகை பூச்சைத் தொடாதவாறு சற்று விலகி நின்றது. சுவரில் மாட்டும் கொக்கிகளை மேற்குறுக்கு மரத்தில் அறையாது பக்க நெடுமரங்களில் அறைந்தனர். அவ்வாறாயின் மேல்மூட்டுகளின் மீது இழுப்பு விழாது. மிகப் பெரிய கண்ணாடிகளைத் தொங்கவிடாமல், அவற்றின் அடியை ஒரு மேசையின் மீதோ கணப்படுப்பின் மாடத்தின் மீதோ இருத்தி, மேற்புறத்தை மட்டும் சுவரோடு பிணைத்தனர்.

பிரான்சிலே இக்கலை தனியொரு துறையாயிற்று. கணப்படுப்பின் மேலே சுவரோடு சுவராகக் கண்ணாடி பதிக்கும் வழக்கம் அங்கே பரவியபோது, சுவரின் ஈரம் பாதரசப் பூச்சைக் கெடுக்காதிருக்கும் பொருட்டு, கண்ணாடிக்குப் பின்னே சட்டமும் பலகையுமாகப் பொருத்திய மரத்தளம் ஒன்றைத் தச்சர் அமைத்தனர். கண்ணாடி வந்து சேருமுன் அத்தளம் சமமாக நிற்றல் வேண்டும். சிறிது முறுக்கினாலும் கண்ணாடி வெடிக்கும். பாரிசுத் தச்சராகிய ஆந்திரே ழாக்கோப் ரூபோ 1769 முதல் வெளியிட்ட மரவேலைப் பெருநூலிற் கதவு, சாளரம், வண்டி, தளவாடம் ஆகியவற்றோடு இத்தகைய வேலையும் விளக்கம் பெற்றது. உளி பிடித்த கையே எழுதுகோலும் பிடித்தது என்பது அந்நூலின் தனிச் சிறப்பு.

இங்கிலாந்தில் வரலாறு சற்றே வேறு வழியிற் சென்றது. 1671இல் ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர், தெற்றபோட் என்ற ஊரிற் சிறு குடிசையொன்றில் இளைஞன் ஒருவன் மரம் செதுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டார். ரொட்டர்டாமிற் பிறந்த அவ்விளைஞனே கிரின்லிங் கிபன்சு. மெல்லிய லைம் மரத்தில் அவன் செதுக்கிய பூக்களும் கனிகளும் பறவைகளும் உயிருள்ளவை போன்றிருந்தன. மன்னர் அவையில் அவன் அறிமுகமானபின், கண்ணாடியையும் ஓவியத்தையும் சூழ்ந்த சிற்ப வேலை இங்கிலாந்திற் புதுப்பொலிவு பெற்றது. ஆனால் லைம் மரம் உளிக்கு இணங்குமேயன்றிப் பாரத்துக்கு இணங்காது. பூக்களுக்குப் பின்னே வலிய மரம் ஒன்று மறைந்து நின்றே சுமந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே தோமசு சிப்பண்டேலின் பெயர் எழுந்தது. 1718இல் யோக்சயரிற் பிறந்த அவர், 1754இல் தளவாட மாதிரிகளின் நூலொன்றை இலண்டனில் வெளியிட்டார். நாற்காலிகளும் அலுமாரிகளும் மட்டுமன்றி, இரு சாளரங்களுக்கிடைப்பட்ட சுவரை நிரப்பும் நெடுங்கண்ணாடிகளின் சட்டங்களும் அதில் இடம்பெற்றன. இலையும் கொடியும் பறவையும் கலந்த அச்சட்டங்கள் காற்றில் மிதப்பன போலத் தோன்றும். அவ்வாறு தோன்றச் செய்தற்கு எத்தனை மறைமுகமான மூட்டுகள் வேண்டும் என்பதை அவ்வேலையிற் கைவைத்தோரே அறிவர்.

அச்சட்டம் ஒருவர் கைவேலையன்று. தச்சன் அடிச்சட்டத்தைப் பொருத்துவான். சிற்பி பைன் மரத்தைச் செதுக்குவான். பின்னர்ப் பொன்பூசுபவன் வச்சிரப்பசையிற் சுண்ணத்தூளைக் குழைத்துப் பல படலங்களாகப் பூசி, உலர்ந்தபின் நுண்ணுளியாற் சீர்செய்து, செம்மண் பூச்சிட்டு, பொன்ரேக்கை ஒட்டி, அகேற்றுக் கல்லால் மெருகேற்றுவான். கண்ணாடிக்குப் பூச்சிடுபவன் வேறொருவன். விற்பவர் பெயர் பற்றுச்சீட்டில் நிற்கும். செய்தவர் பெயர் நிற்பதில்லை.

இவ்வளவு உழைப்பையும் தாண்டிக் கண்ணாடியே விலையில் மேலோங்கி நின்றது. பெருங்கண்ணாடித் தகடுகள் பல பிரான்சிலிருந்து வரவேண்டியிருந்தன. 1773இற் பாராளுமன்றச் சட்டத்தால் ஒரு கம்பனி அமைந்து, 1776இல் இரேவன்கெட் என்னும் ஊரில் வார்ப்பு வேலை தொடங்கிய பின்னரே இங்கிலாந்து சொந்தக் காலில் நின்றது. மேலும் 1740களின் நடுப்பகுதியிலிருந்து 1845 வரை, கண்ணாடிக்கு நிறையளவால் அங்கே வரி விதிக்கப்பட்டது. கனத்த கண்ணாடி என்றால் கனத்த வரி. எனவே வீட்டில் நாகரிகம் மாறும்போது பழைய கண்ணாடியை எறிவாரில்லை. கண்ணாடியை எடுத்துவைத்துச் சட்டத்தையே மாற்றினர். இதனால் எத்தனையோ தச்சரின் வேலை அடுப்புக்குச் சென்றது.

சிற்பியின் உளிக்கும் போட்டி வந்தது. சுண்ணத்தூள், வச்சிரப்பசை, குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து பிசைந்த களியை, செதுக்கிய அச்சில் அழுத்தி எடுத்தாற் பூவும் இலையும் நிமிடத்திற் கிடைத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை பரவியது. ஒரு முறை செதுக்கிய அச்சு ஆயிரம் முறை பயன்பட்டது. செதுக்குவோரின் தேவை குறைந்தது. ஆயினும் அடிச்சட்டத்தைப் பொருத்தும் தச்சனின் தேவை குறையவில்லை. களி அழகைக் கொடுத்தது. பாரத்தைச் சுமக்க அதற்கு வலிமையில்லை.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத வேறொரு பாரமும் உண்டு. அது கண்ணாடிக்கு இரசமிட்டவர் சுமந்த பாரம். பாதரசம் அறைச் சூட்டிலேயே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகும். அதை நாள்தோறும் சுவாசித்தவரின் கைகள் நடுங்கின, பற்கள் விழுந்தன, உடல் தளர்ந்தது. இத்தாலிய மருத்துவராகிய பெர்னார்தினோ இராமத்சினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், கண்ணாடிக்கு இரசமிடுவோர் அடையும் வாதத்தைக் குறிப்பிட்டுள்ளார். தம் துன்பத்துக்குக் காரணமான அதே கண்ணாடியிலே அவர்கள் தம் வாடிய முகத்தையும் காண வேண்டியிருந்தது. மாளிகைகளை ஒளிரச் செய்த ஒவ்வொரு பெருங்கண்ணாடிக்கும் பின்னே அத்தகைய கைகள் இருந்தன.

அவர்களுக்கு விடிவு வேதியியலிலிருந்து வந்தது. ஜேர்மனிய அறிஞர் யுசுதசு பொன் இலீபிக் 1835இல், வெள்ளியுப்புக் கரைசலிலிருந்து கண்ணாடியின் மேல் வெள்ளியே ஒளிரும் படலமாகப் படிவதைக் கண்டார். 1850களில் அதைத் தொழிலுக்கேற்ற முறையாக வளர்த்தார். தொடக்கத்தில் வணிகர் அதை விரும்பவில்லை; வெள்ளிக் கண்ணாடியில் முகம் சற்று மஞ்சட் சாயல் காட்டுகின்றது என்று குறைகூறினர். பாதரசத்தின் நீலச்சாயலுக்குப் பழகிய கண்கள் அவை. எனினும் நூற்றாண்டின் இறுதிக்குள் பாதரசப் பட்டறைகள் மெல்ல மூடப்பட்டன. தமிழிற் சொல் மட்டும் மாறவில்லை.

கண்ணாடித் தகட்டின் கடைசிப் பெரும் மாற்றம் 1959இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் அலஸ்ரெயர் பில்கிங்டன், உருகிய வெள்ளீயத்தின் மேற் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, தேய்க்காமலே இருமுகமும் சமமான தகடு செய்யும் முறையை நிறைவேற்றினார். நூற்றாண்டுகளாகக் கண்ணாடியின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளீயம், இப்போது கண்ணாடி பிறக்கும் தொட்டிலாயிற்று. பெருங்கண்ணாடி மலிந்தது. சுவரில் நேராக ஒட்டவும் உலோகக் கவ்விகளாற் பற்றவும் வழிகள் வந்தன. சட்டம் தேவை என்ற நிலை மாறி, விருப்பம் என்ற நிலை வந்தது.

இருந்தும், இன்று ஒரு தச்சர் ஆள் உயரக் கண்ணாடிக்கு முதிரை மரத்தாலோ தேக்காலோ சட்டம் செய்ய அமர்ந்தால், அவர்முன் நிற்பவை அதே பழைய கேள்விகளே. கீழ்க்குறுக்கு மரம் வளையாதா? மூட்டு, பசையை நம்பி நிற்கின்றதா, மரத்தை நம்பி நிற்கின்றதா? மழைக்காலத்தில் மரம் விரிவதற்கும் வெயிற்காலத்திற் சுருங்குவதற்கும் இடம் விடப்பட்டுள்ளதா? சுவரில் மாட்டுவதற்கு, 45 பாகைச் சரிவாகப் பிளந்த பலகையின் ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைச் சட்டத்தின் முதுகிலும் அறைந்து, ஒன்றின்மேல் ஒன்றை அமர்த்தும் முறை இன்றும் சிறந்ததாகவே உள்ளது. கண்ணாடி கனக்கக் கனக்க அவ்விரு சரிவுகளும் இறுகப் பற்றிக்கொள்ளும். பாரத்தையே பிடிமானமாக்கும் அறிவு அது.

ஐரோப்பிய நூதனசாலைகளிலும் பழைய மாளிகைகளிலும் இன்றும் எஞ்சியிருக்கும் பாதரசக் கண்ணாடிகளைக் காப்போர் ஒரு விதியைக் கைக்கொள்ளுகின்றனர்: அவற்றைத் தலைகீழாகத் திருப்பலாகாது. இருநூறு முந்நூறு ஆண்டுகளாகப் பூச்சிலிருந்து மெல்லப் பிரிந்த பாதரசம், கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, சிறு மணிகளாகச் சட்டத்தின் அடியிற் சேர்ந்திருப்பதுண்டு. திருப்பினால் அது நல்ல பூச்சின் மேல் ஓடி அதையும் கெடுத்துவிடும். நடுங்கிய கைகள் ஊற்றிய அந்த இரசம் போய்ச் சேர்ந்த இடம், பெயர் தெரியாத தச்சன் ஒருவன் பொருத்திய கீழ்க்குறுக்கு மரமே. கண்ணாடியின் பாரத்தைச் சுமந்த அம்மரம், கண்ணாடி கைவிட்ட இரசத்தையும் இன்றுவரை சுமந்து நிற்கின்றது.